‘நாடகம்’ என்று ஒதுக்காதீர்: செலாயாங் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

2024 ஜூலை 5 அன்று செத்தாப்பாக்கில் டிக்டாக் வழியே அறியப்பட்ட தமிழ்ப் பெண் ஒருவர் இணையப் பகடிவதைக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்டதையும், அவரை இழிவுபடுத்தியோரில் ஒருவர் வெறும் 100 ரிங்கிட் அபராதத்தோடு வெளியேறியதையும் இவ்வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். அன்று கண்ணீர் வடித்த இதே சமுதாயம், உயிரோடிருந்து ‘சாகத் தோன்றுகிறது’ என்று சொல்பவரை ‘நாடகம் போடுகிறாள்’ என்று இன்றும் ஒதுக்குவதாலேயே, எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உடையோரின் குடும்பத்தினர் இவ்வேண்டுகோளை விடுக்கின்றனர். அப்பெண்ணுக்கு இக்கோளாறு இருந்தது என்பது இதன் பொருளன்று.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்த இக்கோளாறு, நெருங்கியவர் கைவிட்டுவிடுவார் என்ற தாங்கவொண்ணா அச்சமும், மணிக்கு மணி மாறும் உணர்ச்சிக் கொந்தளிப்பும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் உந்துதலும் சேர்ந்த நிலையாகும். இரவு வேலைக்குச் சென்ற கணவர் ஒரு மணி நேரம் தொலைபேசியை எடுக்காவிட்டால், அது இக்கோளாறு உள்ள மனைவிக்குத் தாமதமாகத் தெரிவதில்லை, உறவே முறிந்ததாகத் தெரிகிறது. காலையில் தெய்வமாகப் போற்றப்பட்ட தாய் மாலையில் எதிரியாகிறார். அந்தத் தாயோ வீட்டிலுள்ள பனடோல் அட்டைகளையும் காய் நறுக்கும் கத்தியையும் கைப்பையில் பூட்டி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

வயது வந்தோரில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கும், மனநல மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கும் இக்கோளாறு இருப்பதாக உலக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையேனும் தற்கொலைக்கு முயல்கின்றனர். மலேசியச் சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வில் இடைநிலைப்பள்ளி மாணவரில் 9.5 விழுக்காட்டினர் தற்கொலைக்கு முயன்றதாகத் தெரிவித்திருந்தனர். இத்தனையும் நடிப்பா?

‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்’ என்னும் அறிவுரை, ‘நாடகம்’ என்று ஒதுக்குவதைவிடக் கொடியது. கைவிடப்படும் அச்சம் மிகக் கடுமையாகக் கிளர்வது நெருங்கிய உறவில்தான் என்பதால், நோயை மறைத்துச் செய்யும் திருமணம் இரு குடும்பங்களையும் புண்ணாக்குகிறது. மனநல மருத்துவமனை உள்ள ஊரைச் சுட்டும் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஏளனத்துக்கு அஞ்சிப் பெற்றோர் சாமியாரிடமும் போமோவிடமும் ஆண்டுக்கணக்கில் அலைகின்றனர். ஆனால் இக்கோளாற்றுக்குச் சிகிச்சை உண்டு. உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்த பேச்சுவழிச் சிகிச்சை, கொந்தளிப்பைத் தாங்கவும் உறவைக் காக்கவும் படிப்படியாகப் பயிற்றுவிக்கிறது. பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டோரில் பெரும்பாலோர்க்கு அறிகுறிகள் தணிந்துள்ளன.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023 செப்டம்பர் 11 முதல் இல்லை. எனவே காவல்துறைக்கு அஞ்சி மறைக்கத் தேவையில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உடனடி ஆறுதலுக்கு 15555 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்காதீர், புலனக் குழுக்களில் பரப்பாதீர். 2025 ஜூலை 11 முதல் நடப்பிலுள்ள, பகடிவதைக்கு எதிரான தண்டனைச் சட்டத் திருத்தத்தின்படி, ஒருவரை இழிவுபடுத்தித் தற்கொலைக்குத் தூண்டியவருக்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு; பாதிக்கப்பட்ட குடும்பங்கள் இனி வாய்மூடி இருக்கப்போவதில்லை.