ஹைப்ரிட் கார் யாருக்கு லாபம்?

பெட்ரோல் மிச்சம், காசும் மிச்சம் என்று ஹைப்ரிட் காருக்குக் கம்பெனிகள் தண்டோரா போடுகின்றன. கார் வாங்க வக்கில்லாத நமக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தோழர்களே! நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுகிறார்கள். காருக்குச் சர்க்கார் விடும் வரிச் சலுகையோ பொதுப் பணம். ஆகவே கணக்குப் பார்ப்போம்.

1997-ல் ஜப்பானில் டொயோட்டா கம்பெனி பிரியஸ் என்ற ஹைப்ரிட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் பாட்டரியும் அதில் உண்டு. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை மோட்டார் மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்க்கிறது. வண்டி மறுபடி கிளம்பும்போது அது உதவுகிறது. ஆகவே நின்று நின்று போகும் நகரத் தெருவில் மிச்சம் அதிகம், நெடுஞ்சாலையில் குறைவு. மைல்ட் ஹைப்ரிட் என்றும் ஒன்று விற்கிறார்கள். அது எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். மோட்டாரால் மட்டும் வண்டி ஓடாது. பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்.

கணக்கு சொல்வது என்ன?

சாதாரண கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், ஹைப்ரிட் 23 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் ரூ. 100, ஹைப்ரிட்டின் விலை ரூ. 2 லட்சம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் சொந்தக் காருக்கு மிச்சம் சுமார் ரூ. 23,000. போட்ட பணம் திரும்ப எட்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த 2 லட்சமும் நூற்றுக்கு 10 வட்டிக் கடனென்றால், முதல் ஆண்டு வட்டியே ஏறக்குறைய ரூ. 20,000. மிச்சம் எங்கே? வட்டிக்காரன் பையில்!

அதே வண்டி டாக்ஸியாக ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் ரூ. 1,15,000-க்கு மேல். வட்டி போக, சுமார் இரண்டு ஆண்டில் கூடுதல் விலை திரும்பிவிடும். டொயோட்டா இந்தியாவில் ஹைப்ரிட் பாட்டரிக்குத் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். இந்த டாக்ஸி அந்தத் தூரத்தை எட்ட மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் பணம் வந்துவிடுகிறது.

ஆக, ஹைப்ரிட் லாபம்தான்; நாள் முழுதும் ஓட்டுகிறவனுக்கு! ஆனால் இங்கே விற்கும் முழு ஹைப்ரிட் கார்களோ 10 லட்சத்துக்கு மேற்பட்ட பெரிய வண்டிகள். லாபம் பெறக்கூடியவனுக்கு முதல் இல்லை. முதல் உள்ளவனுக்கு ஓட்டம் இல்லை.

சலுகை யாருக்கு?

2024 ஜூலையில் உத்தரப் பிரதேச சர்க்கார் முழு ஹைப்ரிட் கார்களுக்குப் பதிவு வரியை அடியோடு நீக்கியது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அந்த வரி அப்போது நூற்றுக்கு 10 ஆக இருந்தது. அதாவது, 20 லட்ச ரூபாய் கார் வாங்கியவருக்கு 2 லட்ச ரூபாய் தள்ளுபடி! கூடுதல் விலையைப் பொதுப் பணமே கட்டிவிட்ட கதை இது. வண்டி தெருவில் ஓடுமா, கொட்டகையில் தூங்குமா என்று யார் கேட்டார்கள்?

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள காருக்கு ஜி.எஸ்.டி. 40 சதம், ஹைப்ரிட்டுக்கும் அதே விகிதம்தான். மின்சாரக் காருக்கு 5 சதம். எங்களுக்கும் குறையுங்கள் என்று ஹைப்ரிட் கம்பெனிகள் முன்பே கேட்டு வந்திருக்கின்றன.

குறைக்கட்டும், டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவனுக்குக் குறைக்கட்டும்! குறைந்த வட்டியில் அவனுக்குக் கடன் கொடுக்கட்டும்! பெட்ரோலும் உண்மையில் மிச்சமாகும், ஒரு குடும்பமும் பிழைக்கும். பங்களா வாசலில் நிற்கும் காருக்குப் பொதுப் பணம் எதற்கு?