தறியின் நெளிவு சுளிவு

ஒரு தொழிலின் நடைமுறை நுட்பங்களை ஆங்கிலத்தில் 'நட்ஸ் அண்ட் போல்ட்ஸ்' என்பர். எந்திரத்தின் உறுப்புகளை இறுக்கிப் பிடிக்கும் திருகாணியும் மரையுமே அத்தொடரின் சொற்பொருள். கொள்கை பேசி முடிந்தபின், வேலை உண்மையில் எவ்வாறு நடக்கிறது என்று வினவும் இடத்தில் அது வரும். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுவோர் உளர். தமிழில் அது வெறும் இரும்பாகவே கிடக்கிறது.

வள்ளுவர் வினைத்திட்பத்தில் காட்டும் அச்சாணி இதற்கு ஈடாகுமெனச் சிலர் கருதலாம். ஆயினும், அச்சாணி ஒன்று. அஃதின்றித் தேர் ஓடாது. ஆங்கிலத் தொடரோ, எவரும் பெயர் சொல்லிப் போற்றாத பல சிறு செயல்களைக் குறிப்பது. 'ஊடும் பாவும்' என்பது பின்னிப் பிணைந்த நிலையை உணர்த்துமேயன்றிச் செய்முறையை உணர்த்தாது. மிக நெருங்கி நிற்பது 'நெளிவு சுளிவு' என்னும் மக்கள் வழக்கே.

அவ்வழக்கின் பொருளை ஆரணியில் கண்ணால் காணலாம். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த அவ்வூரின் பட்டு, புவிசார் குறியீடு பெற்றது. பாவு நீளவாட்டில் செல்லும், ஊடை குறுக்கே செல்லும் என்பதை எந்த மாணவரும் ஒரு வரியில் எழுதிவிடுவர். தறியில் அமர்பவருக்கோ அதற்குப் பிறகுதான் கல்வி தொடங்குகிறது. முடிந்த பாவின் இழைமுனைகளோடு புதிய பாவின் முனைகளை ஒவ்வொன்றாக விரலால் திரித்து இணைத்தல் வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! ஓரிழை விழுதிலோ அச்சுப்பல்லிலோ இடம் மாறினும், அப்பிழை சேலையின் நீளமெங்கும் கோடாக ஓடும். மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறும். இழையின் விறைப்பு மாறும். மிதிகட்டையை எவ்வளவு அழுத்துவது, ஊடையை எவ்வளவு வலுவாக அடிப்பது என்பதற்கு எழுதிவைத்த அளவு இல்லை. அதனைக் காலும் கையுமே அறியும்.

இவ்வறிவைச் சிறுதொழில் பழக்கமென்று ஒதுக்குவது பிழை. சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உவமித்த நன்னூலார்க்கு அப்பிழை நேரவில்லை. இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என ஒரே பெயரிட்ட மொழி இது. சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985ஆம் ஆண்டு நடுவண் அரசு சட்டம் இயற்றியது. துணிக்குக் கிடைத்த அக்காவல் விரலறிவுக்குக் கிடைக்கவில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் வேறு பணி தேடிச் செல்வதில் குற்றமில்லை. கூலி போதாதபோது தறியில் இருக்கச் சொல்வதே கொடுமை. ஆனால், அவர்களோடு தார், நாடா, விழுது, படமரம் என்னும் சொற்களும் வீட்டைவிட்டு வெளியேறுகின்றன. அச்சொற்களின் பொருளைத் தேர்வில் கேட்பார் அரியர். ஆங்கிலத் தொடரின் பொருளைக் கேட்பார் பலர்.