விண்ணிலே கிழங்குக்குத் தூய காற்று! தம்புள்ளையிலே கமக்காரனுக்கு அழுகல்!

மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலே இரவு பகலாக லொறிகள் வந்து நிற்கின்றன. நுவரெலியாக் கரட்டும், கலேவெலக் கத்தரியும், உள்ளூர் மாம்பழமும் பப்பாசியும் ஓரிடத்தே குவிகின்றன. நாட்டில் விளையும் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 சதவீதம் உண்பவன் வாய்க்கு எட்டுமுன் பாழாகிறது என்று அதிகாரிகளே நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். சொன்னதோடு சரி!

வெயில் மட்டுமா இதற்குக் காரணம்? பழுக்கும் பழம் எதிலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அவ்வாயு அடைத்த இடத்தில் தேங்கினால், அருகிலுள்ள கீரை மஞ்சளிக்கும், கரட் கசக்கும், கோவாவின் இலை கழன்று உதிரும். சாக்கிலே திணிக்கப்பட்டு நசுங்கிய தக்காளி அதை மேலும் மிகுதியாகக் கக்கும். இழப்பு யார் தலையில்? அழுகப்போவதையும் கணக்கிட்டே வியாபாரி விலை பேசுகிறான். கமக்காரன் தலைகுனிந்து வாங்கிச் செல்கிறான்.

இதே தொல்லை அமெரிக்கருக்கும் வந்தது. விண்கலத்தின் அடைத்த பெட்டியிலே பயிர் வளர்க்க முனைந்தபோது, பயிர் விட்ட எதிலீனே பயிருக்குப் பகையாயிற்று. நாசாவின் ஆதரவுடன் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் 1990களில் வழி கண்டனர். தைட்டானியம் ஈரொட்சைட்டுப் பூசிய பரப்பின்மீது புறஊதா ஒளியைப் பாய்ச்சி, அதனூடே காற்றைச் செலுத்தினால் எதிலீன் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் சிதைந்துவிடும். 1995 அக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்திலே உருளைக்கிழங்கு விளைவித்ததும் இந்த ஆய்வுக்குழுவின் பயிர்ப்பெட்டியே. இன்று அக்கருவியின் வழித்தோன்றல்கள் செல்வர் மாளிகைகளுக்குக் காற்றுச் சுத்திகரிப்பானாக விலைபேசப்படுகின்றன. பயிரைக் காக்கப் பிறந்த கருவி பயிரிடுவோனை எட்டவில்லை!

"வல்லரசுகளின் வாண வேடிக்கை நமக்கெதற்கு?" என்று கேட்கும் மேதாவிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வோம்: விண்கலப் பெட்டியும் தம்புள்ளைக் களஞ்சியமும் வாயுவின் கண்ணுக்கு ஒன்றே.

2025 ஏப்ரல் 5ஆம் நாள், இந்திய உதவியால் தம்புள்ளையில் எழுந்த 5,000 மெட்ரிக் தொன் கொள்ளளவுள்ள வெப்பக் கட்டுப்பாட்டுக் களஞ்சியத்தைப் பிரதமர் மோடியும் சனாதிபதி திசாநாயக்கவும் திறந்துவைத்தனர். வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: குளிர் அழுகலைத் தாமதப்படுத்தும், தேங்கும் எதிலீனை அகற்ற அங்கே என்ன ஏற்பாடு? அரை ஏக்கர் கமக்காரனுக்கும், தோட்டப்புறத்தில் சிறுதுண்டு நிலத்தில் பயிரிடும் நம்மவனுக்கும் எவ்வளவு இடம்? எத்தனை ரூபாய் வாடகை? அமைச்சர் பகிரங்கமாக அறிவிக்கட்டும்.

கருவி வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. பொட்டாசியம் பரமங்கனேற்றில் தோய்த்த சிறு பொதிகளும் எதிலீனை அகற்றும். பழத்தையும் கீரையையும் பிரித்து அடுக்க ஒரு சதமும் செலவில்லை. சாக்கை ஒழித்துப் பெட்டியில் ஏற்றாதவரை எந்த விண்வெளிக் கருவியும் பயன்தராது. இதை நம் விவசாயப் போதனாசிரியர்கள் ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். நம் பொறியியலாளரோ புறஊதா விளக்கையும் விசிறியையும் கண்டு மலைப்பவரல்லர். சிறு களஞ்சியத்துக்கேற்ற கருவியைச் செய்து காட்ட முன்வரட்டும்.

மாத்தளைத் தமிழரின் வாக்கைக் கேட்டு வருவோர், அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே இக்கேள்விகளை எழுப்பட்டும். கிடைக்கும் விடையை ஓர் எழுத்தும் மாற்றாமல் இவ்வேட்டில் வெளியிடுவோம்.