கிளினிக் கொப்பியும் தடுப்பூசி வரிசையும்

எமது மக்கள் தடுப்பூசிக்குப் பயந்தவர்கள் என்ற பேச்சு 2021ஆம் ஆண்டில் அடிக்கடி காதில் விழுந்தது. படிப்பறிவில்லாத சனம், வதந்திக்கு எடுபடுகின்றது என்று சொன்னவர்களும் உளர். இதனை ஏற்றுக்கொள்ள முடியாது. 1995ஆம் ஆண்டு தொடக்கம் போலியோ ஒழிப்பு நாட்கள் நடத்தப்பட்டபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களுக்கென்று இரு தரப்பும் மோதலை நிறுத்திவைத்தன. அகதி முகாம்களிலும் மரத்தடிகளிலும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சொட்டு மருந்துக்கு வரிசையில் நின்றார்கள். 1993இற்குப் பின்னர் இந்நாட்டில் ஒரு போலியோ நோயாளிகூடப் பதிவாகவில்லை. குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் மருந்துக்கு வந்த சனம், கொவிட் ஊசிக்கு மட்டும் ஏன் தயங்கியது என்று கேட்பதே முறையாகும்.

தயங்கியவர்கள் யார் என்று பார்த்தால் விடயம் தெளிவாகும். இளந்தாரிகள் பெரும்பாலும் போய்ப் போட்டுக்கொண்டார்கள். வேலைக்குப் போகவும் கடைக்குப் போகவும் அவர்களுக்கு அந்த அட்டை தேவைப்பட்டது. வீட்டில் இருந்துவிட்டவர்கள் சீனி வருத்தக்காரர், பிரஷர்க்காரர், இருதய நோயாளர், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், தொய்வுக்காரர். அதாவது, கொவிட் வந்தால் முதலில் சாகக்கூடியவர்கள்.

இது பிறகு கண்டுபிடித்த உண்மையுமல்ல. 2020 மார்ச் 28ஆம் திகதி இலங்கையில் கொவிட்டினால் நிகழ்ந்த முதலாவது மரணமே ஒரு நீரிழிவு நோயாளியின் மரணமாகும். அதன் பின்னர் இந்நாட்டில் இறந்தவர்கள் 16,800 பேருக்கும் அதிகம். அவர்களுள் பெரும்பாலானோர் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்பட்ட நோயுள்ளவர்களின் பங்கும் பெரியது. 2021 ஓகஸ்ட் பிற்பகுதியில் டெல்ரா வகைக் கிருமி பரவி, ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் இறந்தபோதும், ஊசி போடாமல் வீட்டில் இருந்த வயோதிபர்களையே அது அதிகம் கொண்டு போனது.

அப்படியானால் ஏன் இருந்தார்கள்? ஒரு சிறிய வசனம்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம். "நாட்பட்ட நோயுள்ளவர்கள் தமது வைத்தியரின் ஆலோசனையைப் பெற்று ஊசியைப் போட்டுக்கொள்ளவும்." ஒலிபெருக்கியில் சொன்னார்கள், துண்டுப் பிரசுரத்திலும் போட்டார்கள். பார்ப்பதற்கு நியாயமான வசனம். ஆனால் எமது ஆட்களுக்குத் 'தமது வைத்தியர்' என்று ஒருவர் இருக்கிறாரா? மாதத்துக்கு ஒரு தடவை விடிய நாலு மணிக்கு எழும்பி, பஸ் பிடித்து ஆதார வைத்தியசாலைக்குப் போய், இலக்கம் எடுத்து, பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் ஒரு டொக்டரைக் காண்கிறார்கள். அடுத்த மாதம் இருப்பவர் வேறொரு டொக்டர். அதுவும் 2021இல் பயணத்தடை போட்டிருந்த வாரங்களில் கிளினிக்கே ஒழுங்காக நடக்கவில்லை. கேட்பதற்கு ஆளில்லாத கேள்வியைக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அவர் 'எனக்கு ஊசி கூடாதாம்' என்றுதான் வீட்டில் போய்ச் சொல்வார். பாடசாலை மண்டபத்து வாசலில், "தம்பி, எனக்குச் சீனியும் பிரஷரும் இருக்கு, நான் போட்டால் தாங்குவனோ?" என்று கேட்ட ஒரு வயதான அம்மாவுக்கு, "டொக்டரைக் கேட்டுக்கொண்டு வாங்கோ அம்மா" என்ற பதில் கிடைத்ததை நான் நேரில் கண்டேன். பதில் சொன்ன பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: சீனி வருத்தம், பிரஷர், இருதய வருத்தம், தொய்வு, சிறுநீரக நோய் ஆகியன ஊசியைத் தவிர்ப்பதற்குக் காரணமல்ல, முந்திப் போடுவதற்குக் காரணம். சீனி கூடிய உடம்பில் கிருமியை எதிர்க்கும் சக்தி மந்தமாகின்றது. சிறுநீரகம் பழுதடைந்தாலும் அப்படியே. இலங்கையில் போடப்பட்ட கொவிட் ஊசிகளில் எதிலும் உடம்புக்குள் பெருகக்கூடிய கிருமி இருக்கவில்லை. எம்மவரில் மிகப் பலருக்குக் கிடைத்த சினோபார்ம் ஊசியில் இருந்தது கொல்லப்பட்ட கிருமி. அவித்த நெல்லை விதைத்தால் முளைக்குமா? ஆனால் நெல் எப்படியிருக்கும் என்று உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும்.

உண்மையில் கேட்டுப் போடவேண்டியவர்கள் ஒரு சிலரே. முன்னர் ஓர் ஊசியினாலோ மருந்தினாலோ மூச்சடைத்து, முகம் வீங்கிக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் அதனைக் கட்டாயம் சொல்லவேண்டும். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், சிறுநீரகம் மாற்றியவர் போன்றோர் எந்த வாரத்தில் போடுவது நல்லது என்று கேட்கவேண்டும். அன்றைக்குக் கடும் காய்ச்சல் உள்ளவர் சுகமான பிறகு வரலாம். இருதய வருத்தத்துக்கு இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் எடுப்பவரும் போடலாம். குத்திய இடத்தைச் சில நிமிடம் நன்றாக அழுத்திப் பிடிக்கவேண்டும், அவ்வளவே. ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு உளைவும் வரும். சீனியும் சற்றுக் கூடிக் குறையலாம். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கலாம்.

இன்னொன்று. கிளினிக்குக்கு இரத்தம் சோதிக்க வெறும் வயிற்றுடன் போய்ப் பழகிய எம்மவர் சிலர், ஊசிக்கும் அப்படியே சாப்பிடாமல், காலைக் குளிசையையும் விட்டுவிட்டு வந்தார்கள். வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றால் சீனி வருத்தக்காரர் மயங்காமல் என்ன செய்வார்? ஊசி போட்ட கையோடு விழுந்தால் பழி ஊசிக்கு. அந்த ஒரு மயக்கம் அடுத்த பத்து வீட்டைத் தடுத்துவிடும். சாப்பிட்டு, மருந்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லப்பட்டிருந்தால் போதும்.

பயம் ஒரு பக்கம். மறுபக்கம், வரிசையே பிழையாக அமைந்தது. 2021 ஜனவரி 29ஆம் திகதி இந்தியாவிலிருந்து வந்த அஸ்ட்ராசெனகா ஊசியுடன் வேலை தொடங்கியது. சுகாதார ஊழியருக்குப் பின் வயோதிபரும் நாட்பட்ட நோயாளரும் என்பதுதான் எழுத்திலிருந்த திட்டம். நடைமுறையில் மேல் மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட, உழைக்கும் வயதினருக்குப் பெருமளவில் கொடுக்கப்பட்டது. பொருளாதாரத்தை ஓட்டவேண்டும் என்ற நியாயம் சொல்லப்பட்டது. பிறகு இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும், முதல் ஊசி போட்ட ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாவதுக்குக் காத்திருக்க நேர்ந்தது. யூலை இறுதியில் யப்பான் அனுப்பிய ஊசிகள் வரத் தொடங்கும் வரை அந்தக் காத்திருப்பு நீடித்தது. யாழ்ப்பாணத்தில் பொதுமக்களுக்கான வேலை 2021 மே 30ஆம் திகதியளவில் 50,000 சினோபார்ம் ஊசிகளுடன்தான் ஆரம்பித்தது. நான்கு மாதம் பிந்தி வந்தாலும், வந்ததையாவது நோயாளிக்கு முதலில் கொடுத்திருக்கலாம். ஆனால் கணக்கு கிராம சேவகர் பிரிவுப்படி போட்டார்கள்.

கிராம சேவகர் பிரிவு என்றதும் இடம்பெயர்ந்தவனுக்கு வயிற்றைக் கலக்கும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள் எத்தனை முகாம், எத்தனை வாடகைக் காணி மாறினார்கள்! பெயர் ஓரிடம், படுப்பது ஓரிடம், தோட்டக் கூலிக்குப் போவது இன்னோரிடம். வன்னியில் மீளக் குடியேறியவர்களிலும், காணி முல்லைத்தீவில் இருக்க, மகளோடு வவுனியாவில் தங்கி மருந்து எடுப்பவர்கள் உண்டு. எந்த விதானையாரின் பட்டியலில் இவரைத் தேடுவது? 'உங்கள் பதிவு இங்கே இல்லை' என்று ஒரு தடவை சொன்னால் போதும். ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டு இரண்டாம் தடவை வருவதற்கு எல்லாராலும் இயலாது.

ஆனால் இந்த மனிதரின் பெயர் ஓரிடத்தில் நிச்சயமாக இருந்தது. அவர் மருந்தெடுக்கும் கிளினிக்கின் பதிவேட்டில். அவருடைய வருத்தம் என்ன, எத்தனை வருடமாக, என்ன மருந்து எல்லாம் கிளினிக் கொப்பியிலும் எழுதப்பட்டிருந்தது. வீடு மாறினாலும், பிரிவு மாறினாலும் எம்மவர் அந்தக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி அடையாள அட்டையோடு சேர்த்துக் காவித் திரிகிறார்கள். பங்கீட்டு அட்டையைத் தொலைத்தவர்கூட அதைத் தொலைப்பதில்லை. ஆகவே நாட்பட்ட நோயாளருக்கு ஊசி போடவேண்டிய இடம் அவர் மருந்து எடுக்கும் கிளினிக்தான். பாடசாலை மண்டபம் மற்றவர்களுக்கு இருக்கட்டும். கொப்பியைக் காட்டினால் ஊசி. எந்தப் பிரிவு என்ற கேள்வி வேண்டாம்.

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்கள். 2020இல் ஊரடங்கு போட்டபோது என்ன நடந்தது? கிளினிக் பதிவேட்டைப் பார்த்து, மாத மருந்தைப் பொதி செய்து, தபால்காரர் மூலம் நோயாளியின் படலைக்கு அனுப்பினார்கள். எல்லா இடத்திலும் சீராக நடந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் நடந்தது. குளிசையை அனுப்பப் பதிவேட்டில் பெயர் இருந்ததென்றால், அடுத்த வருடம் ஊசிக்கு அழைக்க அதே பெயர் எங்கே போனது?

குளிரூட்டியைப் பற்றியும் சொல்வார்கள். பைசர் ஊசிக்குக் கடும் குளிர் வேண்டும் என்பது உண்மை. சினோபார்மும் அஸ்ட்ராசெனகாவும் அப்படியல்ல. 2 முதல் 8 பாகை வரை போதும். குழந்தைகளுக்குப் போடும் ஊசியும் இன்சுலினும் இருக்கும் அதே குளிர்தான். கிளினிக்கில் சனம் நெருங்கி நோய் பரவும் என்ற ஆட்சேபத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அதற்கு நாளையும் நேரத்தையும் பிரித்துக் கூப்பிடலாம். பாடசாலை வரிசையில் மட்டும் சனம் நெருங்காமலா நின்றது?

படுக்கையில் கிடப்பவர் கதை வேறு. 2021 ஓகஸ்டில் கொழும்பை அண்டிய பகுதிகளில் இராணுவத்தின் நடமாடும் பிரிவுகள் வயோதிபரையும் நடக்க இயலாதோரையும் தேடிப் போய் ஊசி போட்டன. இராணுவம் எம் படலைக்கு வருவதை எம்மவர் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. எம் பகுதிகளில் அந்த வேலைக்குப் பொருத்தமானவர் குடும்பநல மாதுவே. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அவர் வந்தால் சனம் கதவைத் திறக்கும்.

சிறுநீரக நோயாளரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து, காரணம் சரிவரத் தெரியாத சிறுநீரக நோய் கமக்காரரை அழித்து வருகின்றது. வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலும் அது காணப்படுகின்றது. இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை இயந்திரத்தடிக்கு வந்தாகவேண்டும். ஊரடங்கானாலும் அவர் வீட்டில் இருக்க முடியாது. அவருடைய உடம்பு ஊசிக்குக் காட்டும் எதிர்ப்புச் சக்தியும் மற்றவரிலும் குறைவு. சினோபார்ம் ஊசியின் ஆரம்ப ஆய்வுகளிலும் வயோதிபரும் நோயாளரும் மிகச் சிலரே சேர்க்கப்பட்டிருந்தனர். இதனால்தான் 2021 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், அந்த ஊசியைப் போட்ட 60 வயதுக்கு மேற்பட்டோருக்கும், எந்த ஊசியானாலும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தோருக்கும் மேலும் ஒன்று வேண்டும் என்றது. அந்த வருடம் நவம்பரில் இங்கு மூன்றாவது ஊசி தொடங்கியது. எம் வயோதிபர் பலர், 'இரண்டு போட்டாச்சு, இனி என்ன?' என்று இருந்துவிட்டார்கள். 2022இல் எரிபொருளும் இல்லை, கிளினிக்கில் மருந்தும் இல்லை. இன்சுலினுக்கே அலைந்தவரிடம் இன்னொரு ஊசிக்குப் போ என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் கிளினிக்கிலேயே ஊசி இருந்திருந்தால், மருந்துக்கு வந்த கையோடு அதுவும் முடிந்திருக்கும்.

2024 மே மாதத்தில் அஸ்ட்ராசெனகா ஊசியை அந்தக் கம்பனி சந்தையிலிருந்து மீளப்பெற்ற செய்தி வந்தபோது, அதைப் போட்டவர்கள் மீண்டும் கலங்கினார்கள். எனக்கும் இரத்தம் கட்டுமோ என்று இப்போதும் கேட்கிறார்கள். அந்த ஊசியால் மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறைந்தது உண்மை, சிலர் இறந்ததும் உண்மை. அதை மறைக்கக்கூடாது. ஆனால் அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும் ஒன்று. 2021இல் போட்டவர் இன்று அதற்காகப் பயந்து இருதயக் குளிசையை நிறுத்துவது வீண் ஆபத்து. அப்படி நிறுத்தியவர் எவரும் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

2023 மே 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. கிருமி போய்விட்டதாக அது சொல்லவில்லை. நாளைக்கு வேறொரு தொற்று வந்தாலும் பட்டியல் போடுபவர்கள் முதலில் விதானையார் பிரிவைத்தான் திறப்பார்கள். எம் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதைச் சுகாதார வைத்திய அதிகாரியின் கூட்டங்களில் இப்போதே எழுப்பவேண்டும். வருத்தம் வந்த பிறகு கேட்டால் அப்போது காது கேட்காது. கேட்கவேண்டியது ஒன்றே: ஊசியோ, மருந்தோ, நிவாரணமோ, நோயாளிக்கான முன்னுரிமை கிளினிக் கொப்பியைக் கொண்டு வழங்கப்படவேண்டும், கொப்பி எந்த மாவட்டத்து வைத்தியசாலையில் கொடுக்கப்பட்டிருந்தாலும் ஏற்கப்படவேண்டும்.

அதுவரை ஒரு சின்ன வேலை. கொவிட் ஊசி அட்டை அலுமாரியிலோ தகரப் பெட்டியிலோ கிடந்தால் எடுத்துக் கிளினிக் கொப்பியின் பின்மட்டையோடு குத்தி வையுங்கள். தொலைத்தவர்கள் எந்த ஊசி, எத்தனை, எந்த வருடம் என்று நினைவுள்ளதைப் பிள்ளைகளைக் கொண்டு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுவியுங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கொப்பியை நீட்டும்போது அந்தப் பக்கத்தையும் திறந்து காட்டி, இந்த வருத்தத்தோடு எனக்கு இன்னும் ஏதாவது ஊசி தேவையா என்று கேளுங்கள்.