பழம் பந்துகளின் சம்ரட்சணை

ஜவுளி வாங்குவதற்கென்றே அக்கம்பக்கத்து ஜில்லாக்களிலிருந்தும் கர்நாடக எல்லைக்கு அப்பாலிருந்தும் ஜனங்கள் வந்து போகிற பர்கூரில், தையல் விட்டும் தோல் உரிந்தும் போன பழைய கிரிக்கெட் பந்துகளை ஒருவன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறான் என்றால், ஊரார் அவனைப் பற்றிக் கொள்ளும் அபிப்பிராயத்தை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. பழைய நாணயம் சேர்ப்பவனுக்கும் தபால் தலை சேர்ப்பவனுக்கும் உலகம் ஒருவாறு மரியாதை செய்கிறது. பந்து சேர்ப்பவனை மட்டும், வயது கடந்தும் விளையாட்டுப் புத்தி விடாதவன் என்று தள்ளி விடுகிறது. ஆயினும் ரசாயனமும் பருவநிலையும் சரித்திரமும் ஒன்றாகக் கூடுகிற காரியம் இது என்பதால், இந்த வாரப் பத்தியை இதற்கென ஒதுக்குகிறேன்.

இக்கலையில் நமக்கு முன்னோடிகள் அமெரிக்கர்கள். தங்கள் தேசிய விளையாட்டாகிய பேஸ்பாலுக்கு 1939-ஆம் வருஷமே கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் கீர்த்தி மண்டபமும் அருங்காட்சியகமும் திறந்து வைத்தவர்கள் அவர்கள். 1998-இல் மார்க் மெக்வயர் அடித்த எழுபதாவது 'ஹோம் ரன்' பந்து, அடுத்த வருஷம் ஏலத்தில் ஏறக்குறைய 30 லட்சம் டாலருக்குப் போயிற்று. நாமோ அவ்விளையாட்டை அதிகம் அறியோம். பேஸ்பாலின் ஸ்தானத்தில் நம்மிடையே வீற்றிருப்பது கிரிக்கெட் பந்து. இரண்டும் உறவு முறையில் பங்காளிகளே. பேஸ்பால், கார்க்கும் ரப்பரும் சேர்ந்த கருவின்மேல் கம்பளி நூலைச் சுற்றி, இரண்டு தோல் துண்டுகளை 108 இரட்டைத் தையலால் மூடியது. அதன் தோல் 1974-க்கு முன்பு வரை குதிரைத் தோலாக இருந்து, பின்னர் மாட்டுத் தோலாயிற்று. கிரிக்கெட் பந்தோ, கார்க்கும் கம்பளி நூலும் உள்ளிருக்க, நான்கு துண்டு மாட்டுத் தோலால் மூடப்பெற்று, நடுவில் ஆறு வரிசைத் தையலோடு, 156 முதல் 163 கிராம் வரை எடை கொண்டது. கார்க், கம்பளி, தோல் ஆகிய மூன்றும் இயற்கைப் பொருள்களாதலின், மூன்றுக்கும் முதுமை உண்டு, வியாதியும் உண்டு.

இவற்றுள் முதலில் நோயுறுவது தோல். தோலைப் பற்றிப் பேச பர்கூர்க்காரனுக்குக் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது. ஏனெனில் சென்னைச் சாலையில் கிழக்கே போனால் வாணியம்பாடியும் ஆம்பூரும் வந்து விடுகின்றன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தென்னாட்டுத் தோல், சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்திற்கு முன்பே கப்பலேறிச் சீமைக்குச் சென்று புகழ் பெற்றது. ஆனால் புத்தகக் கட்டடங்களின் தோல் ஏன் செந்தூளாக உதிர்கிறது என்று விசாரிக்க லண்டனில் கலைச் சங்கத்தார் அமைத்த குழு, 1905-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆவாரம்பட்டை வகைத் துவர்ப்பால் பதனிட்ட தோல் நீண்ட காலம் நிற்பதில்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. உயர்தரக் கிரிக்கெட் பந்தின் தோலுக்குக் கையாளப்படும் முறை வேறு: அதைப் படிகாரத்தால் பதனிட்டு வெண்ணிறமாக்கி, அதன்பின் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். படிகாரத் தோலுக்குப் பரம சத்துரு தண்ணீர். ஈரம் ஊறினால் படிகாரம் கரைந்து வெளியேறி, உலர்ந்த பின் தோல் கொம்பைப் போல் விறைத்து விடும். ஆகையால், அழுக்கேறிய பழம் பந்தை ஈரத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று புறப்படுகிறவர், ஐம்பது வருஷம் காலம் செய்யாத சேதத்தை ஒரு நாழிகையில் செய்து முடிக்கிறார்.

அடுத்த அபாயம் எண்ணெய். ஓலைச் சுவடிகளுக்கு எண்ணெய் பூசிக் காப்பாற்றிய பரம்பரையில் வந்த நமக்கு, காய்ந்த தோலைக் கண்டதும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடத் தோன்றுவது இயல்பே. எனினும் தோலுக்குள் புகுந்த எண்ணெய் திரும்ப வெளியே வருவதில்லை; நிறத்தைக் கறுக்கச் செய்து, தூசியைப் பிடித்து வைத்து, பூஞ்சணத்துக்கும் விருந்து வைக்கிறது. சில சமயம் பந்தின்மேல் வெண்பொடி பூத்திருப்பதைக் கண்டு பூஞ்சணம் என்று கலங்குவோர் உண்டு. மெல்லிய சூட்டைச் சற்றுத் தூரத்திலிருந்து காட்டினால் அது உருகி மறையுமாயின், தோலிலிருந்து கசிந்து உறைந்த கொழுப்பென்று அறியலாம், மறையாவிடில் பூஞ்சணமே. அப்போது அந்தப் பந்தை மற்றவற்றினின்றும் பிரித்து, நிழலில் காற்றாட உலர்த்தி, வீட்டுக்கு வெளியே வைத்து மிருதுவான தூரிகையால் தட்டி விடுவது போதுமானது.

கையெழுத்திட்ட பந்துகளைக் காப்பாற்ற அமெரிக்கர் செய்த ஒரு பிரயத்தனம் நமக்குப் பாடமாகும். பேஸ்பால் வீரர் பேப் ரூத் காலத்தில், வீரர்களின் கையெழுத்து அழியாதிருக்கும் பொருட்டு, பந்தின்மேல் அரக்கு வார்னிஷைப் பூசுவது வழக்கமாயிருந்தது. வருஷங்கள் செல்லச் செல்ல அந்த வார்னிஷ் மஞ்சளாகி, பழுப்பாகி, காக்க வந்த கையெழுத்தையே மறைக்கலாயிற்று. இன்று அத்தகைய பந்துகளின் மதிப்பு குறைந்திருப்பதற்குக் காலம் காரணமன்று, அன்பு மிகுந்த எஜமானரே காரணம். நம் நாட்டிலும், சாதனை புரிந்த பந்துவீச்சாளருக்குப் பந்தின்மேல் வெள்ளித் தகடு பதித்துப் பரிசளிக்கும் மரபு உண்டு. அந்தத் தகட்டைப் பளபளப்பாக்கத் தேய்க்கும் பாலிஷ் தோலில் இறங்கிக் கறையாவதையும், தகட்டைப் பிடித்திருக்கும் ஆணி துருப்பிடிப்பதையும் கவனிப்பவர் சிலரே.

அப்படியானால் செய்யத் தக்கது யாது? வெளிச்சத்தைக் குறைப்பதும், காற்றின் ஈரத்தை ஒரே நிலையில் வைப்பதும்தான். அருங்காட்சியக நிபுணர் தோலுக்கும் மைக்கும் 50 லக்ஸுக்கு மேற்பட்ட ஒளி ஆகாது என்பர். அதாவது ஜன்னலோரக் கண்ணாடி அலமாரி கூடாது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருப்பது உத்தமம். இது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று என்பதற்கு டென்வர் நகரமே சாட்சி: உயர்ந்த மலைப்பிரதேசத்து வறண்ட காற்றில் பந்துகள் காய்ந்து வழுக்குவதைக் கண்டு, அங்குள்ள கொலராடோ ராக்கீஸ் அணியார் 2002-இல் ஈரப்பதம் கட்டுப்படுத்திய தனி அறையே அமைத்தனர். நமக்கு அத்தகைய வசதி ஏது? சித்திரையில் சுவரே அனலாகக் காய்ந்து, ஐப்பசியில் துணி உலராத இந்தப் பீடபூமியில், வெயில் படாத உட்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவின் நடுத்தட்டே நாம் அடையக் கூடிய உயர்ந்த அறை. பரணும் சமையலறையும் உதவா. தேக்குப் பெட்டி கம்பீரமாயிருப்பினும் மரத்தினின்று எழும் அமில ஆவி தோலுக்கு ஒவ்வாது, பி.வி.சி. உறையும் அத்தகையதே. ரசகற்பூர உருண்டையையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பூச்சிக்கு அஞ்சுகிறவர், மாதம் ஒரு முறை பீரோவைத் திறந்து கண்ணால் பார்ப்பதே மேல். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் மழைக்காலத்துக்கு மட்டும் உதவும்; வருஷம் முழுதும் வைத்தால் தோல் வெடிக்கும்.

உறைக்கு நம்மூரில் குறைவில்லை. சலவை செய்யாத காடாத் துணியை வாங்கி, கஞ்சிப் பசை முற்றும் போகும் வரை வெந்நீரில் இருமுறை அலசி உலர்த்திக் கொள்ள வேண்டும். பசை நின்றால் அதைத் தின்ன இராமபாணப் பூச்சி வரும். அத்துணியில் தளர்வாகச் சுற்றி, தையல் அழுந்தாதபடி துணி வளையத்தின்மேல் பந்தை அமர்த்தினால் போதும். சுற்றுப்புறத்துக் கிரானைட் பட்டறைகளிலிருந்து எழும் கல் தூள் தோலை அரத்தைப் போல் அராவுமாதலால், இந்த ஊர்க்காரருக்கு அந்தத் துணி அவசியத்திலும் அவசியம்.

இவ்வளவும் செய்த பின்னும், ஒரு சீட்டு இல்லையேல் எல்லாம் வியர்த்தமே. 1934 நவம்பர் 4-ஆம் தேதி, ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தயத்தில், சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் எதிர்த்து நின்றன. எம். ஜே. கோபாலன் முதற் பந்தை வீசினார், ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். சென்னை ஒரே நாளில், இன்னிங்ஸ் வெற்றியோடு ஆட்டத்தை முடித்தது. அன்று உருண்ட பந்தையும், அதே வருஷம் ஏதோ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் உருண்ட பந்தையும் அருகருகே வைத்தால், தோலைப் பார்த்து எவராலும் வேற்றுமை கூற இயலாது. பந்துக்குச் சரித்திரத்தை அளிப்பது எழுத்து. எந்த ஆட்டம், எந்த மைதானம், எந்தத் தேதி, யார் கொடுத்தது, யார் வைத்திருந்தது என்ற விவரங்களைப் பென்சிலால் எழுதி, பந்தின்மேல் ஒட்டாமல், துணிக்கு வெளியே கட்டி வைக்க வேண்டும். பந்தின்மேல் எதையும் புதிதாக எழுதுவது பாவம்; அதிலுள்ள செம்மண்ணையும் புல் கறையையும் தேய்த்து அகற்றுவதும் அதற்குக் குறைந்த பாவமன்று. தேய்மானந்தான் அந்தப் பந்தின் வாக்குமூலம்.

மிகவும் சீர்கெட்ட பந்தை வைத்துக் கொண்டு நீங்களே வைத்தியம் பார்க்கத் துணியாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் ரசாயன சம்ரட்சணைக் கூடம் இருக்கிறது. அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அத்தகைய இடங்களில் கேட்டுத் தெளிவது நல்லது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பர்கூரிலும் ஆலைத் தொழிலாளர் அணிகளுக்கும் கல்லூரி அணிகளுக்கும் ஆடி ஓய்ந்தவர் வீடுகளில், அலமாரி மூலையில் ஒரு சிவப்புப் பந்து நிச்சயம் கிடக்கும். அதை எறிந்து விடாதீர்கள், கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். ஆடியவர் உயிரோடிருக்கும்போதே அவரைக் கேட்டு, அந்தச் சீட்டை மட்டும் இன்றே எழுதி விடுங்கள்.