ஆமைக்குட்டியைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மகளின் 8-வது பிறந்தநாளுக்கு யாரோ ஒரு ஆமைக்குட்டியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதன் நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம். "சார், இதுக்கு என்ன சாப்பாடு போடணும்?" என்று கேள்வி. அதற்கு வந்த பதில்களைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒருவன் சோறு போடச் சொல்கிறான், இன்னொருவன் பிரெட்டைப் பாலில் நனைத்துப் போடச் சொல்கிறான். "பெருசானா திருவேற்காடு கோயில் குளத்துல விட்டுடலாம்டா" என்று ஒருவன். அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறீர்கள்.

வாங்கிக்கொண்டவர் மேல் எனக்கு வருத்தமில்லை. குழந்தை கையில் வந்துவிட்டதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கொடுத்தவர் மேல்தான் கோபம். அடுத்தவர் வீட்டுக்கு ஒரு உயிரைக் கேட்காமல் கொண்டுபோய் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்கிலேயே சொல்கிறேன். இந்தச் சிவப்புக் காது ஆமை ஒழுங்காக வளர்த்தால் 30 வருடம் வாழும். இன்று 8 வயது மகளுக்கு அப்போது 38. அவள் கல்லூரிக்குப் போவாள், கல்யாணமாகி வேறு ஊர் போவாள், ஆமை உங்கள் வீட்டில் இருக்கும். பெண் ஆமை என்றால் ஓடு 25 செ.மீ. வரைகூட வளரும், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர். 10 அங்குலம் என்றால் 400 லிட்டர். நம் வேலப்பன்சாவடிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 20 கேன் தண்ணீர். இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் எந்த மூலையில் வைப்பீர்கள்? வீட்டுக்காரரிடம் என்ன சொல்வீர்கள்?

அந்தக் கிண்ணத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு டம்ளர் தண்ணீர் பிடிக்கும். இது நீந்தும் பிராணி. கவிழ்ந்தால் தானாகத் திரும்பிக்கொள்ளும் அளவுக்காவது ஆழம் வேண்டும். சாப்பிடுவதும் தண்ணீருக்குள், கழிப்பதும் அதே தண்ணீரில். இரண்டு டம்ளரில் அது ஒரே நாளில் சாக்கடை ஆகிவிடும். பிறகு கண் வீங்கும், ஓடு மிருதுவாகும், சாப்பிடாது. "ரெண்டு மாசத்துல செத்துப்போச்சு சார், ராசியில்லை" என்பீர்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கிண்ணத்தில் எந்தக் குட்டியும் பிழைக்காது. கடைக்காரருக்கு அது தெரியும். அது செத்தால்தானே அடுத்த குட்டியை விற்க முடியும்?

ஆகவே இப்போது குட்டி இருக்கிற வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது இது. முதலில் கிண்ணத்தைத் தூக்கிப் போடுங்கள். அறுபது லிட்டருக்குக் குறையாத கண்ணாடித் தொட்டி, அல்லது பெரிய பிளாஸ்டிக் டப். அழுக்கை வடிகட்ட ஃபில்டர். தண்ணீருக்கு மேலே அது ஏறி, முழுக்க ஈரம் காய உட்கார ஒரு மேடை. இந்த மேடையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காயாத ஓட்டில் பூஞ்சை பிடிக்கும்.

வெயில் கட்டாயம். வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி உண்டாகி, சாப்பிட்ட சுண்ணாம்புச்சத்து ஓட்டில் சேரும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். காலை இளவெயிலில் அரைமணி நேரம் பக்கத்தில் இருந்து காட்டுங்கள், ஒதுங்க நிழலும் இருக்கட்டும், காக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் இதற்கென்றே விற்கும் யூவிபி விளக்கு வாங்க வேண்டும். சாதாரண எல்இடி பல்பு பயன்படாது. அதற்காகச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் தொட்டியை வைத்துவிட்டு ஆபீஸ் போய்விடாதீர்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் வெந்து கிடக்கும்.

சோறு, பிரெட், பால், பிஸ்கட் எதுவும் கூடாது. கடையில் தரும் காய்ந்த இறால் டப்பா மட்டும் போட்டு வளர்ப்பதும் தவறு. நம் பிள்ளைக்குத் தினமும் மிக்சர் மட்டும் கொடுப்பது போல. ஆமைக்கென்று உள்ள குருணைத் தீனி, சின்னப் புழு பூச்சி, வளர வளரக் கீரையும் நீர்ச்செடியும். குட்டிக்குத் தினமும், அதன் தலை அளவு தீனி போதும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமை நோயில்லாமல் இருந்தாலும் அதன் உடம்பிலும் தண்ணீரிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். கடும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொடுக்கும் கிருமி அது. 5 வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் உள்ள வீட்டில் இது விளையாட்டில்லை. தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கழுவாதீர்கள். இந்தக் காரணத்துக்காகத்தான் அமெரிக்காவில் 1975-லேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமையை வளர்ப்புக்கு விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். இந்த ஆமையின் பிறந்த வீடே அமெரிக்காதான். தங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது என்று தடுத்தவர்கள், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை மட்டும் தடுக்கவில்லை. நாம் அதைப் பிறந்தநாள் பரிசாகக் காகிதம் சுற்றிக் கொடுக்கிறோம்.

நம் ஊருக்கு எப்படி வருகிறது என்கிறீர்களா? பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பாங்காக், கோலாலம்பூரில் இருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் இந்தக் குட்டிகள் அடைத்து வைக்கப்பட்டு மீனம்பாக்கத்தில் சுங்கத்துறையிடம் எத்தனையோ முறை சிக்கியிருக்கின்றன. சிக்காமல் போனதுதான் கடைக்கு வருகிறது.

"பிள்ளைக்குப் பொறுப்பு வரும் சார்" என்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளோடு இருந்தவன் சொல்கிறேன், 8 வயதுப் பிள்ளையின் ஆர்வம் எத்தனை நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வாரத்தில் தண்ணீர் மாற்றுவது அம்மாவின் வேலை ஆகிவிடும். ஏற்கெனவே விடிகாலை எழுந்து டிபன் கட்டுகிற அம்மாவுக்கு இன்னொரு வேலை. பொறுப்பு வர ஒரு தொட்டியில் வெண்டைச்செடி வைக்கச் சொல்லுங்கள்.

என் தங்கை மகன் வாஸ்து என்கிறான். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லி வளர்ந்த குடும்பம் நம் குடும்பம்! பாட்டி காலத்தில் ஆகாதது இப்போது எப்படி லட்சுமி கடாட்சம் ஆனது? இரண்டையும் நான் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் பித்தளை ஆமை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தண்ணீர் மாற்ற வேண்டாம்.

கடைசியாக அந்தக் கோயில் குளம். குளத்தில் விடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறீர்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச நிபுணர்கள் போட்ட பட்டியலில் இந்தச் சிவப்புக் காது ஆமையும் உண்டு. நிஞ்சா ஆமை கார்ட்டூன் பார்த்து ஐரோப்பாவில் வீடுதோறும் வாங்கினார்கள், பெரிதானதும் குளத்தில் விட்டார்கள். 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியையே நிறுத்தியது. நம் அயனம்பாக்கம் ஏரி, போரூர் ஏரி மாதிரி நீர்நிலைகள் காராமை, பால் ஆமை போன்ற நம் மண்ணின் ஆமைகள் வாழ வேண்டிய இடம். அவற்றின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும், நோயையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கூவமாக இருந்தாலும் சரி, குளமாக இருந்தாலும் சரி, விடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் இருப்பது மஞ்சள் நட்சத்திரக் கோடு போட்ட மேட்டு ஓடா? அது நட்சத்திர ஆமை, நிலத்தில் வாழ்வது. தண்ணீரில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும். அதை வீட்டில் வைப்பதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சிறை வரை போகும். பால் ஆமைக்கும் அதே சட்டம்தான். இன்றே வனத்துறைக்குப் போன் செய்து ஒப்படையுங்கள்.

சிவப்புக் காது ஆமை வைத்திருப்பவர்கள், அது சாய்ந்து நீந்தினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, கண் திறக்காவிட்டாலோ கூகுளில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேராகப் போனால் வேப்பேரி, அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. டப்பாவில் ஈரத்துணி விரித்து, காற்றுப் போக ஓட்டை போட்டு எடுத்துப் போங்கள். வளர்க்கவே முடியாதவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பெரிய தொட்டி வைத்து ஒழுங்காக வளர்க்கிற பழைய மாணவர்கள் இரண்டு பேர் அம்பத்தூரில் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன்.

கட்டைவிரல் காட்டிய அந்தப் பதினோரு பேரும் இதைப் படித்துவிட்டதாகக் கீழே ஒரு வரி எழுத வேண்டும். பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.