முதுமைச் செல்களை அழித்தால் போதுமா?

ஸ்க்லீரோடெர்மாவில் தோல் இறுகுவது, ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் மிகையாகக் கொலாஜனைச் சுரப்பதால். பிரியும் திறனை இழந்த முதுமைச் செல்களோ இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை வெளியிட்டு அண்டைச் செல்களையும் கெடுக்கவல்லவை. ஆகவே அவற்றை அழிக்கும் செனோலிடிக் மருந்துகள்மீது நம்பிக்கை பெருகியுள்ளது. அந்நம்பிக்கையில் எனக்கும் பங்குண்டு, அவசரத்தில் இல்லை.

காயம் ஆறுவதற்கு இதே முதுமைச் செல்கள் தற்காலிகமாகத் தேவை என 2014இல் வெளியான எலி ஆய்வு காட்டியது; அவற்றை நீக்கியபோது காயம் ஆறத் தாமதமாயிற்று. இந்நோயாளிகளில் பலர் விரல்நுனிப் புண்களால் வருந்துபவர்கள். 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து 51க்கு மதிப்பிடும் ராட்னன் அளவீடு குறைவதால் மட்டும் மருந்து வென்றதாகாது. புண் ஆறும் காலத்தையும் ஆய்வுகள் அளக்க வேண்டும். தோல் இளகியும் புண் ஆறாவிடில் நோயாளிக்கு என்ன பயன்?